கணக்கு எழுத மறுத்த ஊர்கள்

ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்கு 1381 என்றதும் வாட் டைலர் நினைவுக்கு வருவார். தலைவரியை எதிர்த்துக் கென்ட், எசெக்ஸ் பகுதிக் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்த ஆண்டு அது. அதற்கு முன்பே 1358-இல் பிரான்சில் ஒரு குடியானவர் கிளர்ச்சி நடந்தது. 1378 கோடையில் பிளாரன்ஸ் நகரத்துக் கம்பளித் தொழிலாளர்கள் நகர ஆட்சியில் பங்கு கேட்டுப் பிடித்தார்கள். நம் பக்கம் இப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை, ராஜாக்கள் சண்டை போட்டார்கள், குடிகள் நாற்று நட்டார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம்.

நடந்திருக்கிறது. 1429-இல் கொள்ளிடத்தின் இரு பக்கத்திலும், மயிலாடுதுறை, கும்பகோணம் வட்டாரத்தில் தொடங்கி வடக்கே விருத்தாசலம் வரைக்கும், ஊர் ஊராக மக்கள் கூடினார்கள். விளைச்சலுக்குத் தக்க வரிதான் கட்டுவோம், அதற்கு மேல் ஒரு காசும் கொடுக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். எடுத்த முடிவைக் கோயில் சுவரில் வெட்டியும் வைத்தார்கள். கொருக்கை, திருவைகாவூர், விருத்தாசலம் கோயில்களில் அந்தக் கல்வெட்டுகள் உண்டு. கொருக்கை மன்மதனை எரித்த தலம். திருவைகாவூர் சிவராத்திரிக்குக் கூட்டம் அலைமோதும் ஊர். சாமி கும்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும் என்பது வேறு விஷயம்.

பாடப்புத்தகத்தின் மேலும் குறை சொல்ல வேண்டும். 1279-இல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் கதையை முடித்துவிட்டு, 1532-இல் தஞ்சையில் செவ்வப்ப நாயக்கர் வந்து உட்காரும் இடத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடும். இடையில் இருநூற்றைம்பது ஆண்டுகள் இருக்கின்றன. டெல்டாவில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஊர்ச்சபைகள் ஏன் காணாமல் போயின, வேறு மொழி பேசும் அதிகாரிகள் எப்படி வந்தார்கள் என்பதற்கெல்லாம் பதில் அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள முதலில் சோழர் காலத்து நில ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளில் பிராமணர் ஊர்களைச் சபை நடத்தியது. வேளாளர் ஊர்களை ஊரார் நடத்தினார்கள். பல ஊர்கள் சேர்ந்து நாடு. நாட்டுப் பொதுக்காரியங்களை நாட்டார் பார்த்தார்கள். நிலத்தின் மேலுள்ள உரிமைக்குக் காணி என்று பெயர். வேளாளர் ஊர்களில் அது பெரும்பாலும் ஊருக்குப் பொதுவாக இருந்தது என்பது கல்வெட்டு ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் இந்த ஏற்பாடு தளரத் தொடங்குகிறது. தனி ஆள் காணியை விற்கிறான், தனி ஆள் வாங்குகிறான். வாங்கிய நிலத்தைக் கோயிலுக்கு எழுதி வைக்கிறான். ஒரு பக்கம் பெரிய காணியாளர்கள் உருவானால், இன்னொரு பக்கம் காணி இழந்தவர்கள் பெருகத்தானே செய்வார்கள்.

பேரளம் பக்கத்தில் திருப்பாம்புரம் என்று ஒரு கோயில். அங்கே 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சி. காலம் பொல்லாததாகி, ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் என்ற நிலை வந்தபோது, வேளாளர் ஒருவர் தம் இரண்டு மகள்களோடு 110 காசுக்குக் கோயிலுக்கே அடிமையாகத் தம்மை விற்றுக்கொண்டார். பட்டினிச் சாவிலிருந்து தப்பிக்க வேறு வழியில்லை. காவிரித் தண்ணீர் பாயும் பூமியில், உழுது பிழைத்த சாதிக்காரருக்கே இந்தக் கதி. சோழப் பேரரசு பார்வைக்கு இன்னும் பெரிதாகத்தான் இருந்தது.

பிறகு வந்த நூறு ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பாண்டியர் சோழ நாட்டைப் பிடித்தார்கள். பாண்டிய அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்ட சமயத்தில், 1311-இல் மாலிக் கபூர் படையோடு வந்து போனார். 1330-களில் மதுரையில் ஒரு சுல்தானியம் அமைந்தது. 1370 வாக்கில் விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் அதை முறியடித்தார். அந்தப் போரைப் பற்றி அவர் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற வடமொழிக் காவியமே எழுதியிருக்கிறார்.

நடுவில் ஒரு சாட்சி உண்டு. மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய இபின் பதூதா, 1340-களில் மதுரைக்கு வந்தார். சுல்தான் கியாசுதீன் காலம். ஊரே கொள்ளை நோயில் விழுந்திருந்தது. நோய் பிடித்தவர்கள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ செத்தார்கள் என்று எழுதுகிறார். அவரையும் ஒரு கொடிய காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் நிறைய விளையும் புளியை ஏறக்குறைய ஒரு ராத்தல் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு கழிந்தது, பிழைத்துக்கொண்டார். ஐரோப்பாவைக் கறுப்புச் சாவு அடித்தது 1347-இல்தான். நாள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே நோய் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். இபின் பதூதா சொல்லும் அடையாளங்களை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது.

ஆனால் ஒரு ஒப்பீடு பயன்படும். கறுப்புச் சாவுக்குப் பிறகு ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ மக்கள் போய்விட்டார்கள். உழ ஆள் இல்லை. இருந்த ஆள் கூலி கூடக் கேட்டான். நிலப்பிரபுக்கள் விடவில்லை. 1351-இல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டுக் கூலியை நோய்க்கு முந்தைய அளவில் நிறுத்தப் பார்த்தது. அதன் மேல் பிரான்சோடு நடந்த போருக்காகத் தலைவரி வந்தது. முதலில் தலைக்கு 4 பென்ஸ், கடைசியில் 12 பென்ஸ். குமுறல் வெடித்துவிட்டது. ஆள் பற்றாக்குறை, போர்ச் செலவு, புதிய வரி என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. காவிரிக் கரையிலும் கிட்டத்தட்ட இதே மூன்றும் சேர்ந்தன. சேர்ந்த விதம்தான் வேறு.

விஜயநகரத்தின் தலைநகரம் துங்கபத்திரைக் கரையில். வடக்கே பாமினி சுல்தான்களோடு ஓயாத சண்டை. குதிரைப்படைக்கு அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் குதிரை வர வேண்டும். அதற்குக் கைமேல் பணம் வேண்டும். சண்டை துங்கபத்திரையில் நடந்தாலும், நெல்லும் நெசவும் நிறைந்த காவிரிப் பகுதிதான் சாம்ராஜ்ஜியத்தின் களஞ்சியங்களில் ஒன்று. ஆகவே வசூலுக்கு ஆட்கள் தெற்கே வந்தார்கள். கன்னடமும் தெலுங்கும் பேசும் அதிகாரிகள், படைத்தலைவர்கள், அவர்கள் பின்னால் பிராமணர்கள். எந்த அளவுக்கு வந்தார்கள் என்பதற்குத் தொண்டை மண்டலத்திலிருந்து ஒரு சான்று. 1425-இல், இரண்டாம் தேவராயர் காலத்தில், படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் கூடி, பெண்ணுக்குப் பணம் வாங்கிக் கல்யாணம் செய்யக் கூடாது, கன்னிகாதானமாகத்தான் செய்ய வேண்டும் என்று உடன்படிக்கை எழுதினார்கள். விரிஞ்சிபுரம் கோயிலில் வெட்டப்பட்ட அந்த ஆவணத்தில் கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் என்று நான்கு வகைப் பிராமணர்களும் சேர்ந்தே நிற்கிறார்கள்.

அதிகாரிகளுக்கு ராஜ்ஜியம் சம்பளம் கொடுக்கவில்லை. ஒரு பகுதியின் வரி வருமானத்தையே அவர்கள் பிழைப்புக்கு என்று விட்டுக்கொடுத்தது. இதற்கு ஜீவிதம் என்று பெயர். அப்படி விடப்பட்ட ஊர்கள் ஜீவிதப்பற்று. வாங்கிக்கொண்டவர்கள் ஜீவிதக்காரர்கள். எத்தனை வருஷம் அந்தப் பதவி நிலைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. இருக்கிற வரைக்கும் கறந்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. சில இடங்களில் வசூலைக் குத்தகைக்கும் விட்டார்கள். குத்தகைக்காரன் முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு மக்களிடம் பிடித்துக்கொள்வான்.

ஆனால் அயலூரிலிருந்து வந்த ஓர் அதிகாரிக்கு எந்த வயல் யாருடையது, எது ஒரு போகம், எது இரு போகம், எந்த மடையிலிருந்து எந்தப் பங்குக்குத் தண்ணீர் பாயும் என்பதெல்லாம் எப்படித் தெரியும்? அதற்கு உள்ளூர் ஆள் வேண்டும். காணியாளர் அங்கேதான் வருகிறார்கள். பிராமண, வேளாள நிலக்காரர்களில் ஒரு பகுதியினர் அரசாங்க வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஊர்க்கணக்கு அவர்கள் பக்கம். ஓலையில் ஏறியதுதான் பாக்கி, ஓலையில் ஏறாதது கட்டின வரியே இல்லை. பழைய ஊர்ச்சபைகளும் இதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துபோயிருந்தன. கணக்குக் கேட்கக் கூட்டம் இல்லை.

வரி நெல்லோடு நிற்கவில்லை. கைக்கோளருக்குத் தறிக்கடமை, எண்ணெய் ஆட்டுகிறவருக்குச் செக்குக்கடமை, பொற்கொல்லருக்குத் தட்டார்பாட்டம் என்று தொழில் தொழிலாகப் போட்டார்கள். வீட்டு வாசலுக்கும் வரி. அதிகாரி ஊருக்கு வந்தால் காணிக்கை. இந்தத் தொழிற்காரர்கள் அந்த நூற்றாண்டில் பணம் பார்க்கத் தொடங்கியிருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. துணி வியாபாரம் நன்றாக ஓடியது. காஞ்சிபுரம், விரிஞ்சிபுரம் கைக்கோளர்கள் நல்லது கெட்டதுகளில் தண்டு என்ற பல்லக்கில் ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றிருந்தார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மற்ற ஊர்க் கைக்கோளர்களும் அதே மரியாதையைக் கேட்டு வாங்கினார்கள். கையில் காசு வந்ததும் தெருவில் மரியாதை கேட்கிற கூட்டத்தின் மேல்தான் வரியும் வந்து விழுந்தது. வெறும் வறுமை மட்டும் கிளர்ச்சியைக் கொண்டுவருவதில்லை என்று ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் 1381-ஐப் பற்றிச் சொல்வார்கள். இங்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இனி வலங்கை, இடங்கைக்கு வருவோம். சோழர் படைகளில் வலங்கைப் படை என்ற பிரிவுகள் இருந்தது முதலாம் ராஜராஜன் காலத்திலேயே தெரிகிறது. பிற்பாடு அது சாதிகளின் கூட்டணிப் பெயராக மாறியது. பொதுவாகச் சொன்னால், நிலத்தோடு ஒட்டிய சாதிகளும் அவர்களைச் சார்ந்தவர்களும் வலங்கை. கம்மாளர் முதலான கைவினைஞர்களும் வணிகரில் சிலரும் இடங்கை. இடத்துக்கு இடம் பட்டியல் மாறும். பெரம்பலூர், திட்டக்குடிப் பக்கத்தில் காடு திருத்திக் குடியானவர்களான சில பழைய போர்க்குடிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இடங்கையில் சேர்ந்தார்கள். இரண்டு பக்கமும் தங்களைத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு என்று சொல்லிக்கொண்டன. அது எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல, வழக்கில் நின்றுவிட்ட எண்.

இரண்டு கைகளுக்கும் ஆகாது. முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த புதிதில், 1070-களின் தொடக்கத்தில், தஞ்சைப் பகுதியில் ராஜமகேந்திர சதுர்வேதிமங்கலம் என்ற பிராமண ஊரில் வலங்கை இடங்கைக் கலகம் மூண்டது. ஊரே எரிந்தது. கோயில் இடிந்தது. பண்டாரம் கொள்ளை போனது. அப்படி அடித்துக்கொண்டவர்களின் வாரிசுகள் 1429-இல் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் என்னை மலைக்க வைப்பது. வாய்க்காலும் மடையும் பகிர்ந்துகொள்ளவே சண்டை போடுகிற ஊர்களில் இது சாதாரணமாக நடந்திருக்காது.

கொருக்கைக் கல்வெட்டு சொல்வதன் சாரம் இது. எங்களிடம் விளைச்சலைப் பார்த்து வரி வாங்கவில்லை. அநியாயமாக வாங்கினார்கள். ஊரை விட்டு ஓடிவிடலாம் என்றே இருந்தோம். அப்புறம்தான் உறைத்தது, மண்டலம் முழுவதும் நாங்கள் ஒன்றாக இல்லாததால்தான் இப்படி நடக்கிறது. ஆகவே இனிமேல் விளைந்ததற்குத் தக்கபடி நியாயமானதை மட்டும் கொடுப்போம். முறையில்லாமல் போட்ட எதையும் கொடுக்க மாட்டோம்.

ஓடிவிடலாம் என்று இருந்தோம் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்துக் குடியானவர் கையிலிருந்த பெரிய ஆயுதம் அதுதான். நிலம் எவ்வளவு இருந்தாலும் கை இல்லாவிட்டால் வரி இல்லை. அதுவும் காவிரிப் பாசனத்தில் ஓர் ஊர் காலியானால் அந்த ஊரோடு போகாது. ஆடியில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வார வேண்டும். கரையைக் கட்ட வேண்டும். மேலே இருக்கும் ஊர்க்காரன் வராவிட்டால் கீழே இருக்கும் ஊருக்குத் தண்ணீர் போகாது. ஒரு வருஷம் விட்டால் மணல் மேடிட்டுவிடும். அடுத்த வருஷம் கோரை முளைத்துவிடும். ஓடிப்போன குடிகளைத் திரும்ப அழைத்து, இத்தனை வருஷத்துக்கு வரி குறைவு என்று ஆசைகாட்டிக் குடியேற்றிய செய்திகள் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் நிறையவே வருகின்றன. அதிகாரிகளும் இதற்குத்தான் பயந்தார்கள்.

1429-இல் புதுமை என்னவென்றால், ஓடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே ஒத்துழைக்க மறுத்ததுதான். விருத்தாசலம் கல்வெட்டு அதன் விதிகளைச் சொல்கிறது. அரசு அதிகாரிகளும் ஜீவிதக்காரர்களும் கொடுமை செய்கிறார்கள். காணியாளரும் பிராமணரும் வரிவசூலில் அவர்களோடு நிற்கிறார்கள். ஆகவே வலங்கை இடங்கையில் பிறந்த யாரும் இவர்களுக்கு இடம் கொடுத்து ஒளித்து வைக்கக் கூடாது. இவர்களுக்குக் கணக்கு எழுதக் கூடாது. இவர்கள் கொண்டுவரும் யோசனைக்கு இணங்கக் கூடாது. மீறுகிறவன் நாட்டுக்குத் துரோகி. அவனைக் குத்திப்போடலாம்.

கடைசி விதி கடுமையானதுதான். அதை மென்மையாக்கிச் சொல்வதில் அர்த்தமில்லை. யார் மேல் அந்தக் கத்தி திரும்புகிறது என்பதைக் கவனியுங்கள். அதிகாரி மேல் அல்ல, காணியாளர் மேலும் அல்ல. தங்களுக்குள்ளேயே சோரம் போகிறவன் மேல். கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எங்கே உடையும் என்று தெரிந்திருக்கிறது. இரவில் ஒரு கணக்கன் நழுவிப்போய் ஓலையை எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று.

கணக்கு எழுதாதே என்ற விதியைத்தான் இங்கிலாந்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1381 ஜூனில் கிளர்ச்சிக்காரர்கள் பண்ணை வீடு பண்ணை வீடாகப் போய்ச் செய்த முதல் வேலை, பண்ணை நீதிமன்றச் சுருள்களை வெளியே இழுத்துப்போட்டு எரித்தது. யார் யாருக்கு அடிமை வேலை செய்ய வேண்டும், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தத் தோல் சுருள்களில் இருந்தது. தங்களைக் கட்டிப்போட்டது எழுத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காவிரிக் கரைக்காரர்களுக்கும் அதே விஷயம் தெரிந்திருந்தது. அவர்கள் எழுதியதை எரித்தார்கள், இவர்கள் எழுதவே மறுத்தார்கள். எது பலமானது என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எரித்த கணக்கை நினைவிலிருந்து திரும்ப எழுதிவிடலாம். இங்கிலாந்தில் பல இடங்களில் எழுதியும் விட்டார்கள். எழுத ஆள் கிடைக்காத கணக்கு வேறு விஷயம்.

இன்னொரு வேறுபாடு, வாக்குறுதியைப் பற்றியது. பதினான்கு வயது ராஜா இரண்டாம் ரிச்சர்டு கிளர்ச்சிக்காரர்களை நேரில் சந்தித்து, அடிமைத்தனம் ஒழிந்தது என்று முத்திரை வைத்துப் பத்திரங்கள் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஜூன் 15-ஆம் தேதி ஸ்மித்ஃபீல்டில் வாட் டைலர் வெட்டுப்பட்டார். ஜூலைத் தொடக்கத்தில் அந்தப் பத்திரங்கள் செல்லாது என்று அறிவித்தாகிவிட்டது. டெல்டாவில் ராஜா வாக்குக் கொடுக்கும் வரை காத்திருக்கவில்லை. மக்கள் தாங்களே விகிதம் நிர்ணயித்துக் கல்லில் ஏற்றினார்கள்.

அந்த விகிதப் பட்டியல்தான் எனக்கு இந்த ஆவணங்களிலேயே பிடித்த பகுதி. கோபம் முழுக்க முதல் சில வரிகளில் தீர்ந்துபோய், பிறகு சந்தைக்கடைப் பேச்சுப் போல நிதானமாக விவரம் வருகிறது. நெல் வயலுக்கு ஒரு விகிதம். வாழை, கரும்புக்கு வேறு. மஞ்சள், இஞ்சி, வெங்காயம், பூண்டு ஒரு வகை. கத்தரியும் பூசணியும் இன்னொரு வகை. காய்க்கும் தென்னைக்கு இவ்வளவு, பலாவுக்கு இவ்வளவு. ஓடுகிற தறிக்கு ஒன்று, ஓடாமல் நிற்கிற தறிக்கு அதைவிடக் குறைவு. திருவைகாவூர்க் கல்வெட்டு இதோடு பழைய குறையையும் சேர்த்துச் சொல்கிறது. கன்னடியர் வந்த நாளிலிருந்து நாட்டை ஜீவிதப்பற்றாக்கி, வசூலைக் குத்தகையாகவும் விட்டதால் குடிகள் கெட்டுப்போனார்கள் என்று. வரியே கூடாது என்று இவர்கள் சொல்லவில்லை என்பது முக்கியம். ராஜா கூடாது என்றும் சொல்லவில்லை. நின்ற தறிக்கும் ஓடுகிற தறிக்கும் ஒரே வரி போடாதே என்கிறார்கள். நெசவாளரைக் கேட்காமல் இப்படி ஒரு வரியை யாராலும் எழுதியிருக்க முடியாது.

கோயில் சுவரில் வெட்டினார்கள் என்பதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்தக் கோயில்களுக்கு நிலம் கொடுத்தவர்கள், நிர்வாகத்தில் இருந்தவர்கள் பலர் காணியாளர் வர்க்கம். தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய தானங்கள்தான் அங்கே வெட்டப்பட்டு வந்தன. அதே சுவரில் இடம் பிடித்து, அவர்கள் பெயரைச் சொல்லியே குற்றம் சாட்டி எழுத முடிந்திருக்கிறது. எந்த உளி யார் காசில் அடித்தது என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். கல் தச்சர்கள் இடங்கைக்காரர்கள்.

இந்தக் கல்வெட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பத்தாண்டில்தான் படியெடுக்கப்பட்டன. கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கைகளில் ஆங்கிலச் சுருக்கமாக வந்தன. நீலகண்ட சாஸ்திரி தலைமுறை வரலாற்றாசிரியர்கள் கண்டுகொண்டார்கள், ஆனால் பேரரசின் கதைக்கு நடுவே ஒரு ஓரச் செய்தியாகத்தான் வைத்தார்கள். இதை ஒரே எழுச்சியின் துண்டுகளாக ஒட்டவைத்துப் பார்த்தவர்கள் ஜப்பானியரான நொபோரு கராஷிமாவும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஒய். சுப்பராயலுவும். கராஷிமா 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தஞ்சைக்காரர்கள் பலருக்கு அந்த மாநாடும் அப்போது போட்ட சாலைகளும் நினைவிருக்கும். அவர் எதைத் தோண்டி எடுத்தார் என்பது அவ்வளவாகப் பரவவில்லை.

அவருடைய விளக்கத்தில் எனக்கு உடன்பாடான இடம் ஒன்று உண்டு. சோழர் காலக் கடைசியில் தொடங்கிய நில மாற்றத்தின் கணக்கு 1429-இல் தீர்க்கக் கேட்கப்பட்டது என்கிற பார்வை. வெளியிலிருந்து வந்த கன்னடியர் மட்டும் காரணம் என்றால், கல்வெட்டுகள் காணியாளரை இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. திருப்பாம்புரத்து வேளாளர் தம்மை விற்றுக்கொண்டபோது விஜயநகரம் என்ற ஊரே கிடையாது.

என்ன ஆயிற்று? இரண்டாம் தேவராயர் 1446 வரை ஆண்டார். அவர் அரசவைக்கு 1443-இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் தலைநகரின் செல்வத்தைக் கண்டு வாயடைத்துப்போய் எழுதியிருக்கிறார். அந்தச் செல்வம் தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. மக்கள் கேட்ட விகிதங்கள் கல்லில் நின்றதே ஓர் இணக்கத்தைக் காட்டுகிறது. இல்லாவிட்டால் வந்த அதிகாரி முதலில் அந்தச் சுவரைத்தான் செதுக்கியிருப்பார். ஆனால் வருமானத்தைப் படைத்தலைவனுக்கு விட்டுக்கொடுக்கிற முறை ஒழியவில்லை. அது இன்னும் இறுகி, பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் நாயக்க முறையாக வளர்ந்தது. அந்த வழியில்தான் 1532-இல் செவ்வப்பர் தஞ்சைக்கு வந்தார். அவர் பேரன் ரகுநாதர் 1620-இல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். அதன் பிறகு மராட்டியர், 1799-இல் ஆங்கிலேயரின் கும்பினி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மேல்வாரம் யாருக்கு என்பது மாறியது. காணியாளரின் இடத்தில் இருந்த மிராசுதார் மாறவில்லை. பண்ணையாளுக்குக் கூலியையும் வேலை நிலைப்பையும் உறுதி செய்யும் தஞ்சாவூர்ச் சட்டம் 1952-இல்தான் வந்தது.

இங்கிலாந்தில் அடிமைக் குடியானவர் முறை 1381-க்குப் பிறகு நூறு ஆண்டுகளில் தானாகவே கரைந்துபோனது. கிளர்ச்சி தோற்றாலும் ஆள் பற்றாக்குறை வென்றது. நிலப்பிரபுவுக்கு வேறு வழியில்லாமல் பணக் குத்தகைக்கு இறங்க வேண்டியிருந்தது. டெல்டாவில் அப்படி ஆகவில்லை. நெல் வயலுக்கு நாற்றங்கால் முதல் களத்துமேடு வரை கை வேண்டும். கை குறைந்தால் கூலி ஏற வேண்டும். இங்கோ சாதி என்ற கயிறு அந்தக் கையை ஊரோடு கட்டிவைத்தது. 1429-இல் பேசியவர்களில் கைவினைஞரும் குடியானவரும் உண்டு. சேரியில் இருந்தவர்களின் கூலியைப் பற்றி விகிதப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. வரி கட்டுகிறவர்களின் எழுச்சி அது. வரி கட்டக்கூட எதுவும் இல்லாதவர்கள் அதில் எண்ணிக்கைக்காக இருந்திருக்கலாம், கோரிக்கையில் இல்லை.

இரண்டு கைகளின் கூட்டணியும் நீடிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் கும்பினி சென்னையில் நெசவாளரையும் வணிகரையும் கொண்டுவந்து குடிவைத்தபோது, பழைய பகையும் கூடவே வந்து இறங்கியது. 1652-இல் ஒரு தெருச் சண்டை. 1707-இல் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் பெரிய சண்டை. ஆளுநர் தாமஸ் பிட் இடங்கைக்கு இந்தத் தெரு, வலங்கைக்கு அந்தத் தெரு என்று எல்லை போட்டுப் பார்த்தார். வலங்கைக்காரர்கள் ஏற்கவில்லை. வேலையைப் போட்டுவிட்டுக் கூட்டமாகச் சாந்தோமுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். கும்பினி கெஞ்சியும் மிரட்டியும் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.